உப்பு (சொல்)

உப்பு என்பது தமிழில் பெயர்ச்சொல்லாகவும் வினையடியாகவும் வழங்கும் ஒரு சொல் ஆகும். உணவில் சேர்க்கப்படும் சோடியம் குளோரைடு என்பதே இதன் பரவலாக அறியப்பட்ட பொருள். எனினும் உப்பளம், வேதியியல், மருத்துவம், பேச்சுவழக்கு ஆகிய துறைகளில் இச்சொல் வெவ்வேறு பொருள்களைத் தருகின்றது. அவ்வேறுபாடுகள் சில வேளைகளில் உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்கு முக்கியமானவை. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையில் இப்பொருள்களுள் பலவற்றை அருகருகே காணலாம்.

பொதுப் பொருள்கள்

* கறியுப்பு: சமையலுக்குப் பயன்படுவது. கல்லுப்பு, பொடியுப்பு என இரு வடிவங்களில் கிடைக்கும். நிலத்தடிப் பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது இந்துப்பு.
* சுவை: அறுசுவைகளுள் ஒன்று. இது உவர்ப்பு எனவும் வழங்கும்.
* இனிமை: திருக்குறளின் 802ஆம் குறளில் இச்சொல் இனிமை என்னும் பொருளில் வருகின்றது. 1302ஆம் குறள் ஊடலை உணவில் அளவாக அமைந்த உப்புக்கு ஒப்பிடுகின்றது.
* வீங்குதல்: உப்புதல் என்னும் வினை பருத்தலைக் குறிக்கும். எண்ணெயில் இட்ட பூரி உப்புகின்றது. வயிற்றுப் பொருமல் உப்புசம் எனப்படுகின்றது.

உப்பளத்தில்

அளம் என்பது உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும். உப்பு, அளம் ஆகிய இரு சொற்களும் சேர்ந்து உப்பளம் ஆயின. புதுச்சேரியின் உப்பளம், திருவாரூர் மாவட்டத்தின் பேரளம் ஆகிய ஊர்ப்பெயர்களில் இச்சொல் இன்றும் உள்ளது.

மரக்காணம் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஊருக்கு அருகிலுள்ள கழுவெளி சதுப்புநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வெயிலில் வற்றும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகின்றன. முதலில் சுண்ணாம்புச் சேர்மங்களும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. நீரின் அடர்த்தி சுமார் 25 போமே அளவை எட்டியதும் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகின்றது. சுமார் 29 அளவில் எஞ்சிய நீர் வெளியேற்றப்படுகின்றது. மக்னீசியச் சேர்மங்கள் மிகுந்த அந்நீரைத் தேங்கவிட்டால் உப்பு கசக்கும்.

வேதியியலில் ஜிப்சமும் மக்னீசியச் சேர்மங்களும் உப்புகளே. உப்பளத் தொழிலாளருக்கோ பலகையால் வாரிக் குவிக்கப்படும் வெண்படிகம் மட்டுமே உப்பு.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி உற்பத்தி நின்றுவிடும். ஆகவே உப்பளத்தில் இச்சொல்லுக்கு ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் கிடைக்கும் கூலி என்ற பொருளும் அடங்கியுள்ளது.

வேதியியலில்

அமிலமும் காரமும் வினைபுரிவதால் நீருடன் உண்டாகும் அயனிச் சேர்மம் உப்பு எனப்படும். இவ்வரையறையின்படி எல்லா உப்புகளும் உவர்ப்பன அல்ல, உண்ணத்தக்கனவும் அல்ல. பட்டாசுத் தொழிலில் பயன்படும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டு ஆகும். பேதியுப்பு மக்னீசியம் சல்பேட்டு ஆகும்.

மருத்துவமனையில்

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் "உப்பு கூடியிருக்கிறது" என்பது பின்வரும் மூன்றில் ஒன்றைக் குறிக்கக்கூடும்.

* கருவுற்ற பெண்களின் சிறுநீர்ப் பரிசோதனையில் உப்பு என்று கூறப்படுவது பெரும்பாலும் அல்புமின் என்னும் புரதம். இரத்த அழுத்தமும் சேர்ந்து உயர்ந்தால் இது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான முன்சூல்வலிப்பின் அறிகுறியாக இருக்கலாம்.
* சிறுநீரக நோயாளருக்கு இரத்தத்தில் உப்பு என்று கூறப்படுவது யூரியா, கிரியேட்டினின் ஆகிய கழிவுகள். சிறுநீரகம் இவற்றைச் சரிவர வெளியேற்றவில்லை என்பதே இதன் பொருள்.
* உணவில் உப்பு மிகுதி என்பது உண்மையான கறியுப்பைக் குறிக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ணுமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கின்றது.

முதல் இரண்டும் வேதியியல் முறையில் உப்புகள் அல்ல. இதனை அறியாதவர், கறியுப்பைக் குறைத்தால் போதும் என்று எண்ணி மருத்துவரிடம் செல்லத் தாமதிக்க நேரிடும். எனவே எந்த உப்பு என்று கேட்டறிவது நன்று. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அது மட்டுமே சிகிச்சை ஆகாது.

அரசியலில்

1930இல் உப்பு என்னும் சொல் விடுதலைப் போராட்டத்தின் குறியீடாயிற்று. ஏப்ரல் 6 அன்று காந்தி தண்டியில் உப்பெடுத்தார். இராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யத்தை அடைந்து ஏப்ரல் 30 அன்று சட்டத்தை மீறி உப்பெடுத்தனர். ஏழையும் தவிர்க்க இயலாத ஒரு பொருளின் மீது வரி விதிக்கப்பட்டதே எதிர்ப்பின் காரணம்.

பழமொழிகளும் மரபுத்தொடர்களும்

* உப்பிட்டவரை உள்ளளவும் நினை: இங்கு உப்பு உணவையும் நன்றிக்கடனையும் குறிக்கும்.
* உப்பில்லாப் பண்டம் குப்பையிலே: இன்றியமையாமை.
* உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்: செய்த வினையின் பயன்.
* உப்புக்குச் சப்பாணி: விளையாட்டில் பெயருக்குச் சேர்க்கப்பட்டவர்.
* உப்புப் பெறாத: மதிப்பற்ற.

ஒரே பொருள் இன்றியமையாமைக்கும் மதிப்பின்மைக்கும் உவமையாவது குறிப்பிடத்தக்கது. எங்கும் தேவைப்படுவதும் மலிவாகக் கிடைப்பதும் ஆகிய இரு தன்மைகளும் உப்புக்கு உண்டு என்பதே இதற்குக் காரணமாகலாம்.

ஆங்கிலத்தில்

ஆங்கிலத்தின் சால்ட் என்னும் சொல்லும் கறியுப்பு, வேதி உப்பு ஆகிய இரண்டையும் குறிக்கின்றது. அனுபவம் மிக்க மாலுமியும் அப்பெயரால் அழைக்கப்படுவதுண்டு. சம்பளத்தைக் குறிக்கும் சாலரி என்னும் சொல், உப்பைக் குறிக்கும் சால் என்னும் இலத்தீன் சொல்லுடன் தொடர்புடையது. கணினியியலில், கடவுச்சொல்லை மறைகுறியீடாக மாற்றிச் சேமிக்கும் முன் அதனுடன் சேர்க்கப்படும் எழுந்தமான எழுத்துத்தொடரும் உப்பு என்றே அழைக்கப்படுகின்றது. இதனால் ஒரே கடவுச்சொல்லைக் கொண்ட இருவரின் பதிவுகளும் வெவ்வேறாக அமைகின்றன.