தலைச்சுமையும் கைப்பேசியும்

“எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்” என்பது முதுமொழி. அச்சிரசைத் தாங்கி நிற்பது கழுத்து. அது தன் தொழிலைச் செவ்வனே செய்து வருங்காறும் அதனை நினைப்பார் இலர். நோவு கண்ட பின்னரே அதன் அருமை புலனாகின்றது. கைப்பேசி எங்கும் பரவியுள்ள இந்நாளில் கழுத்தின் நலம் மருத்துவரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சபரகமுவ மாகாணத்தில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்குக் கழுத்துநோவு புதியதன்று. கொழுந்து பறிக்கும் பெண் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையை முதுகிலே தொங்கவிடுகின்றாள். கொழுந்து நிறையுந்தோறும் பாரம் தலையிலும் கழுத்திலும் இறங்குகின்றது. பால் வெட்டுவோர் விடியற்காலையிலே புறப்பட்டு, வெட்டுக்கோட்டின் உயரத்துக்கேற்பக் குனிந்தும் அண்ணாந்தும் மரந்தோறும் கத்தியை நடத்துகின்றனர்.

இவர்தம் பிள்ளைகள் கூடை சுமவாது கல்வி கற்று உயர்தல் வேண்டும் என்பதே பெற்றோரின் பெருவிருப்பம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் இடையிடையே திறந்தும் மூடியும் 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதிவரை கல்வி தடைப்பட்டது. அக்காலத்திற் பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. மேசையும் நாற்காலியும் இடுவதற்கு இடமில்லாத லயக்காம்பராவில் பிள்ளை தரையிலோ கட்டிலிலோ அமர்ந்து, மடியிலே கைப்பேசியை வைத்துத் தலைகுனிந்து படித்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அவ்வழக்கம் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமாக நிலைத்துவிட்டது.

குனிதலால் விளையும் பாரத்தை நெம்பின் இயல்பு கொண்டு விளக்கலாம். தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்திலுள்ள 7 முள்ளென்புகளின் மேல் அது நேராக நிற்கும்பொழுது பின்கழுத்துத் தசைகளுக்கு உழைப்புச் சிறிது. தலை முன்னே சாயச் சாய, அதன் நிறைமையம் பொறுதியினின்று விலகிச் செல்கின்றது. அதனை விழாமற் பிடித்திருக்கத் தசைகள் மிகுந்த விசையோடு இழுத்தல் வேண்டும். தலையின் நிறையும் தசைகளின் இழுவையும் ஒருங்கு சேர்ந்து முள்ளென்புகளை அமுக்குகின்றன.

நியூயோர்க் நகரத்து அறுவை மருத்துவர் கெனத் ஹன்ஸ்ராஜ் என்பார் இவ்விசையைக் கணினியின் துணைகொண்டு கணித்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கணிப்பின்படி, தலை 15 பாகை சாயின் கழுத்தின் மேலுறும் விசை 12 கிலோ நிறைக்கு ஒப்பாகும். 30 பாகையில் அது 18 கிலோ. 45 பாகையில் 22 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. கொழுந்து பறிப்போர் ஒருநாட் சம்பளத்துக்குக் கொடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், 18 கிலோ என்பது பலவிடத்தும் வழங்கிய அளவாகும். அக்கொழுந்தினைத் தாய் ஒருங்கே சுமப்பதில்லை, நிறுவைதோறும் இறக்கிவைக்கின்றாள். 30 பாகை குனிந்திருக்கும் பிள்ளையோ அதற்கு நிகரான விசையை இடையறாது தாங்குகின்றது.

எனினும் இக்கணிப்பு ஒன்றையே கொண்டு, குனிந்து பார்ப்போர் யாவரும் நோயாளர் ஆவர் எனத் துணிதல் பொருந்தாது. பிரேசில் நாட்டில் 18 முதல் 21 வயதுவரையுள்ள 150 பேரை ஆராய்ந்து 2018 இல் வெளியிடப்பட்ட முடிவு, கைப்பேசி பார்க்கும் கழுத்தின் நிலைக்கும் கழுத்துநோவுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்கின்றது. குனிதல் உடம்புக்கு இயல்பான செயலே. நெடுநேரம் அசைவின்றி ஒரே நிலையில் இருத்தலே பெரிதும் அஞ்சத்தக்கது. இறுகிய தசையிற் குருதியோட்டம் குறைகின்றது. களைப்பும் நோவும் தோன்றுகின்றன. என்புகளிடையே உள்ள வட்டுகளின் நலத்துக்கும் அசைவு துணைசெய்கின்றது.

கழுத்தோடு இக்கேடு நிற்பதில்லை. திரையை உற்றுநோக்குங்கால் கண்ணிமைத்தல் குறைந்து கண் உலர்கின்றது. வெளியிலே விளையாடும் நேரம் குறையுமாயின் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை உண்டாகும் வாய்ப்பு மிகுகின்றது. பெருவிரலின் அடியில் மணிக்கட்டைச் சார்ந்து வரும் நோவினைச் சுவிற்சர்லாந்து மருத்துவர் டி கெர்வேன் 1895 ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். பகல் முழுவதும் விரலாற் கொழுந்து கிள்ளிய கை இரவிலும் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பின் அவ்விரலுக்கு ஓய்வேது? இருளிற் படுத்துத் திரையைப் பார்த்தல் உறக்கத்தையும் பின்தள்ளுகின்றது.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் எளியன. கைப்பேசியைக் கண்மட்டத்துக்கு அண்மையில் உயர்த்திப் பிடித்தல் வேண்டும். தரையிலிருப்போர் சுவரிற் சாய்ந்து, முழங்காலின் மேல் தலையணையை வைத்து அதன்மேற் கையை ஊன்றலாம். அரைமணி நேரத்துக்கு ஒருமுறையேனும் எழுந்து நடந்து தோள்களை அசைத்தல் நன்று. 5 முதல் 17 வயதுவரையுள்ளோர் நாடோறும் சராசரி 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவுறுத்தியது. 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் அமர்ந்து திரை பார்க்கும் நேரம் ஒருநாளில் ஒருமணிக்கு மேற்படலாகாது என 2019 இல் அது விதித்தது. அழுகின்ற குழந்தைக்குக் கைப்பேசியைக் கொடுத்து அடக்குவோர் இதனை நினைத்தல் தகும்.

பிள்ளையைக் கடிந்து பேசுவதால் மட்டும் பயனில்லை. மேசையில்லாத அறையிற் படிக்கும் பிள்ளை குனியாமல் என் செய்யும்? ஒவ்வொரு தோட்டத்திலும் மாலைப்பொழுதிற் படிப்பதற்கு மேசையும் வாங்கும் விளக்கும் உள்ள ஒரு மண்டபம் திறந்திருக்குமாயின், அது கல்விக்கும் கழுத்துக்கும் ஒருங்கே உதவும். தாய் தன் கூடையை நினைத்தபொழுது இறக்கிவைத்தல் இயலாது. அன்றைய கூலி அதனோடு கட்டுண்டு கிடக்கின்றது. பிள்ளையின் கையிலுள்ள சுமையோ வேண்டியபொழுது இறக்கத்தக்கது. அதனை உரிய வேளையில் இறக்கப் பழக்குதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடனாகும்.