துருவும் மெருகும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாள் தேர் அசைந்து வரும்போது, கூடி நிற்கும் மக்களின் கண்களெல்லாம் மேல்நோக்கியே இருக்கும். சீலைகளின் வண்ணமும் தொம்பைகளின் ஆட்டமும் யாருடைய பார்வையைத்தான் இழுக்க மாட்டா? ஆயினும், தேர் நிலையைவிட்டுப் புறப்படுமுன் அதனடியில் குனிந்து பார்ப்பவர்களின் கண்கள் மேலே செல்வதில்லை. அவர்கள் பார்ப்பது அச்சையும் சக்கரங்களையும். தேர் ஊரைச் சுற்றிவந்து நிலை சேர்வது சீலையின் வலிமையால் அன்று, அச்சின் வலிமையால். பழுது பார்க்கப்படாத பழைய கார் ஒன்றை ஏலத்தில் எடுக்க விரும்புபவர் கற்கவேண்டிய முதற்பாடமும் இதுவே.

இப்பாடத்தை நான் விலைகொடுத்தே கற்றேன். 1989-ஆம் ஆண்டு, முதுமையுற்ற என் தந்தையாரை மருத்துவத்திற்காக அடிக்கடி மதுரைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. அப்போது ஓர் ஏலத்தில் சிறிய கார் ஒன்று வந்தது. புதிதாகச் சாயம் பூசப்பெற்று, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் அது மின்னியது. தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தைக் கொண்டு அதனை எடுத்தேன். ஐப்பசி மழை வந்தது. கதவின் கீழ்ப்புறத்தில் சாயம் கொப்புளமாக எழுந்தது, விரலால் அழுத்தினேன், உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான் இருந்தது! தம்பியின் கட்டணத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்கினேன். தந்தையார் பேருந்திலேயே மதுரைக்குச் சென்று வந்தார். குற்றம் விற்றவர்மீது மட்டுமா? குனிந்து பார்க்காத என் மீதும் உண்டன்றோ?

மாணவர்களே, பழைய சிறு கார்கள் என்று நாம் இங்குக் கூறுவன எவை? நாடு விடுதலை பெற்றபின் இங்கே மூன்று பெரிய நிறுவனங்கள் கார்களை உருவாக்கின. கல்கத்தாவை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மாரிஸ் மைனரை ‘பேபி இந்துஸ்தான்’ என்னும் பெயரில் அளித்தது. பம்பாயின் பிரீமியர் நிறுவனம் பியட் வண்டிகளை அளித்தது. மூன்றாவது நமது சென்னையில் 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். வண்டலூர்ப் பகுதியில் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 ஆகியவை வந்தன. 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரே இதன் மூலம். அதன் வடிவை அமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. இயந்திரம் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. அந்தச் சென்னை நிறுவனத்தில் கார் உற்பத்தி 1980-களின் இறுதியில் நின்றுவிட்டது. எனினும் பழைய வீடுகளின் கொட்டகைகளில் இவ்வண்டிகள் இன்றும் அங்கங்கே உறங்குகின்றன. பாகப்பிரிவினை வரும்போது அவை ஏலத்திற்கு வருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் ஏலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. இராஜபாளையத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, புதுச்சாயம் பூசிய பியட் 1100. மற்றொன்று, கொட்டகையில் பல்லாண்டு நின்று, புளியஞ்சருகும் தூசியும் மூடிக் கிடந்த ஹெரால்டு. வந்தவர்கள் அனைவரும் பியட்டைச் சூழ்ந்துகொண்டனர். நாங்கள் இருவரும் ஒரு தாளில் கட்டமிட்டு, விடைத்தாளைத் திருத்துவது போலவே இரண்டு வண்டிகளுக்கும் மதிப்பெண் இட்டோம். அடிச்சட்டமும் உடற்கூடும் 40, உறுப்புகளின் நிறைவு 25, ஆவணங்கள் 20, இயந்திரம் 10, தோற்றம் 5. கையெழுத்துக்கு நாம் எவ்வளவு மதிப்பெண் அளிப்போமோ, அவ்வளவே தோற்றத்திற்கும்.

இந்தப் பங்கீட்டின் அடிப்படை யாதெனில், எது மீண்டும் கிடைப்பது அரிதோ, எதைச் சீர்செய்வது செலவு மிக்கதோ, அதற்கே மதிப்பெண் மிகுதி என்பதாகும். இயந்திரம் ஓடாதிருப்பது கண்டு அஞ்சவேண்டா. நல்ல மெக்கானிக் அதனை ஓடச்செய்வார். உடற்கூடு அரிக்கப்பட்ட வண்டியோ ஓடினாலும் பயனில்லை.

துரு என்பது யாது? இரும்பும், நீரும், காற்றிலுள்ள உயிர்வாயுவும் கூடுவதால் பிறப்பது. உப்பு சேர்ந்தால் இம்மாற்றம் விரைவுபடும். எனவேதான் தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற வண்டிகள் விரைவில் கெடுகின்றன. நம் பகுதி கடலுக்குத் தொலைவில் இருப்பது ஒரு நன்மை. ஆனால் கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அதன்மேல் தளமின்றி நிறுத்திய வண்டி அடியிலிருந்து அரிக்கப்படும். இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைப்பது. ஆகவே அது சாயத்தை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்புகிறது. மேலே செம்பழுப்பாகப் படிந்து, துடைத்தால் அடியில் திண்மை தெரியும் துரு ஒருவகை. அது சாயம் போன இடத்தின் அடையாளமே. ஏடு ஏடாக உதிர்வது மற்றொரு வகை. அங்கே இரும்பு தன் உயிரை இழந்துவிட்டது.

இதனை அறிய மூன்று எளிய கருவிகள் போதும்: மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், கைவிளக்கு, தரையில் விரிக்க ஒரு சாக்கு. இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம் பட்டி அடைத்த இடத்தில் ஒட்டாது. அன்று பியட்டின் கதவுகளுக்குக் கீழே ஓடும் படிக்கட்டில் நாலைந்து இடங்களில் காந்தம் நழுவி விழுந்தது. பியட் 1100, மாரிஸ் மைனர் ஆகியவற்றில் தனி அடிச்சட்டம் இல்லை. உடற்கூடே பாரம் தாங்குவது. அவற்றில் அந்தப் படிக்கட்டு அரித்தால் வண்டியின் முதுகெலும்பே அரித்ததாகும். கதவைத் திறந்து சற்றே தூக்கிப் பாருங்கள். மூடும்போது கீழிறங்கி இடித்தால் கீலும் கெட்டிருக்கலாம், தூணும் கெட்டிருக்கலாம்.

ஹெரால்டின் அமைப்பு வேறு. அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. உடலின் பகுதிகள் அதன்மேல் திருகாணிகளால் பூட்டப்பட்டவை. ஆகவே படிக்கட்டு கெட்டாலும் மாற்றலாம். ஆனால் நடுச்சட்டத்திலிருந்து இருபுறமும் கிளைக்கும் கைச்சட்டங்களையும் பின்கோடியையும் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தே தீரவேண்டும். என் மாணவர் படுத்தார். கைச்சட்டம் ஒன்று உதிர்வதையும், நடுச்சட்டம் திண்மையாய் இருப்பதையும் கண்டார். விற்காத பொருள் பிறருடையது. ஆதலால் திருப்புளியால் குத்திப் பார்ப்பது முறையன்று. விரல் கணுவால் தட்டி ஓசை கேட்டாலே போதும்.

அடுத்தது உறுப்புகளின் நிறைவு. இங்கே புதியவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். ஹெரால்டின் இயந்திர உறுப்புகள் பலவற்றை இங்கிலாந்திலிருந்து இன்றும் வரவழைக்கலாம். அங்கே அவ்வண்டியைப் போற்றும் சங்கங்கள் உள்ளன. ஆயின் 1960-களின் பிற்பகுதியில் நம் நாட்டிற்கென்றே நான்கு கதவு ஹெரால்டு உருவாயிற்று. இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பின்கதவு கிடையாது. ஆகவே நம் வண்டியின் பின்கதவு ஒன்று காணாமற்போனால் உலகம் முழுவதும் தேடினும் எளிதில் அகப்படாது. விளக்கு வளையம், கண்ணாடி, சின்னம், கடிகைகள், கைப்பிடி என ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். வண்டிக்குள் கிடக்கும் குப்பையையும் தள்ளாதீர்கள். அதிலே கழன்ற உறுப்புகள் கிடக்கும். மின்கம்பிகளை எலி கடித்திருப்பின் அதனையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆவணம். அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். நம் மாவட்டம் 1985-இல் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வூர்கள் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே பழைய பதிவைத் தேடி அலைய நேரிடலாம். 2021-ஆம் ஆண்டு நடுவணரசு ஒரு விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் பெறாத சொந்த உபயோக வண்டிகள் ‘பழம்பெரும் வண்டிகள்’ என்று தனிப்பதிவு பெறலாம். கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றிற்கே அவற்றை ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்திற்கு அன்று. எரிபொருட் சிக்கனம் கருதிப் பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் இயந்திரம் பூட்டிய வண்டிகள் நம்மிடையே பல. அவ்வகை வண்டி இத்தகுதியை இழக்கக்கூடும்.

இயந்திரத்தை ஏலக்களத்தில் முழுமையாக ஆராய இயலாது. எனினும் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. உரிமையாளர் இசைந்தால், நாலாம் கியரில் வைத்து வண்டியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் இயந்திரத்தைச் சுழற்றினால் பிஸ்டன்கள் இறுகவில்லை என்று பொருள். இராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்குவோர் அதன் வெண்மையை மட்டும் பார்ப்பதில்லை. காது கேளாத குட்டிகள் அவ்வினத்தில் பிறப்பதுண்டாதலால், பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள். காரையும் அவ்வாறே கைதட்டிப் பார்க்கவேண்டும்.

எங்கள் தாளில் பியட் 53 மதிப்பெண் பெற்றது; தோற்றத்தில் மட்டும் முழு மதிப்பெண். ஹெரால்டு பெற்றது 68. தோற்றத்தில் ஒன்றே ஒன்று.

இனி விலை. 2015-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், பிரான்சின் மேற்குப்பகுதிப் பண்ணை ஒன்றில் பல்லாண்டு கிடந்த கார்களை ஏலம் விட்டனர். தூசி படிந்த பெராரி ஒன்று 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. இச்செய்தியைக் கேட்டு நம்மூர்த் துருவெல்லாம் பொன் என்று மயங்கலாகாது. அப்பெராரி மிகச் சிலவாகவே செய்யப்பட்டது. நம் சிறு கார்கள் எளிய குடும்பங்களுக்காகத் தொழிற்சாலையில் தொகுதி தொகுதியாகச் செய்யப்பட்டவை. அவற்றின் மதிப்பைக் கணக்கே கூறவேண்டும், ஆசை கூறலாகாது.

என் மாணவர் எழுதிய கணக்கு இது. முழுதும் சீரான பின் அந்த ஹெரால்டு பெறக்கூடிய விலை என்று அவர் மதித்தது 4,00,000 ரூபாய். டிங்கர் வேலையும் சாயமும் 1,40,000, இயந்திரம் 60,000, டயர், மின்கம்பி, இருக்கை 50,000, ஆவணமும் வண்டிச்சத்தமும் 20,000, ஆகச் செலவு 2,70,000. கண்ணுக்குத் தெரியாத பழுதுகளுக்காக இச்செலவில் நாலில் ஒரு பங்கு, அதாவது 67,500. மொத்தம் 3,37,500. கழித்தால் எஞ்சுவது 62,500. அவர் கேட்கக்கூடிய உச்ச விலை அதுவே. அத்தொகையை எழுதி, வட்டமிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏலம் தொடங்கிற்று. பியட் மளமளவென்று ஏறி நல்ல விலைக்குப் போயிற்று. ஹெரால்டு 20,000-இல் தொடங்கி 60,000-இல் என் மாணவர் பெயரில் நின்றது. “ஒரு தரம்... இரண்டு தரம்...” என்று கூவியபோது வேறொருவர் 65,000 என்றார். என் நெஞ்சு துடித்தது. வெறும் 5,000 ரூபாய்! “கேளுங்கள் தம்பி, போய்விடப் போகிறது” என்று நானே மெல்லச் சொன்னேன். அவர் கையை உயர்த்தவில்லை. “தாளில் எழுதியது 62,500 தானே, சார்?” என்றார். “மூன்று தரம்” என்ற குரல் கேட்டது. வண்டி மற்றவருக்குப் போயிற்று. எல்லை வகுத்துக்கொள் என்று பள்ளியில் கற்பித்தவன் அன்று எல்லையைத் தாண்டச் சொன்னான், கற்றவர் நின்றார்.

கதை அங்கே முடியவில்லை. வண்டியை எடுத்தவர் சில வாரங்களுக்குப்பின் அதனை என் மாணவரின் பட்டறைக்கே சீர்செய்யக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்க்கையில் மற்றொரு கைச்சட்டமும் உள்ளே அரித்திருந்தது; பற்சக்கரப் பெட்டியும் பழுது. காணாத செலவுக்கென்று தாளில் ஒதுக்கிய 67,500 ரூபாயில் 58,000 அதற்கே சரியாயிற்று. அக்கணக்கு இல்லாமல் ஏலத்தில் நின்றிருப்போமாயின் என்ன ஆகியிருப்போம் என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. 1989-ஆம் ஆண்டு அதனை எனக்குச் சொல்லிவிட்டது.

பட்டறையில் அவ்வண்டியைப் பார்க்கச் சென்றிருந்தேன். மேற்கூரையிலும் மூடியிலும் தொழிற்சாலையில் பூசிய பழைய சாயம் மங்கியும் கெடாமல் இருந்தது. அதனைச் சுரண்டிப் புதுச்சாயம் பூசவேண்டா என்று உரிமையாளரிடம் கூறி இசைவு பெற்றிருந்தார் என் மாணவர். கெட்டதை மட்டும் மாற்றினார், நல்லதைத் தொடவில்லை. முதற்சாயம் ஒருமுறைதான் உண்டு. அதை இழந்தால் எவராலும் மீண்டும் தர இயலாது.

மாணவர்களே, நாளை நீங்கள் கார் ஏலத்திற்குச் செல்லாமலும் இருக்கலாம். ஆனால் எதையேனும் விலைபேசாமல் இருக்கப் போவதில்லை. முதலில் குனிந்து பாருங்கள், பிறகு கணக்கிடுங்கள், கணக்கு நிறுத்தும் இடத்தில் நின்றுவிடுங்கள். என் மாணவர் வெறுங்கையோடு ஊர் திரும்பிய அந்த மாலையில், நாங்கள் இருவரும் ஒரு கடையில் பால்கோவா வாங்கி உண்டோம். அதற்குப் பணம் கொடுத்தவன் நான். ஆசிரியர் மாணவருக்குச் செலுத்தவேண்டிய கட்டணமும் சில வேளைகளில் உண்டு.