எதிர்வாதம் வளர்த்த காஞ்சி

கருத்து மாறுபாடு என்றாலே பகை என்று பொருள்கொள்ளும் காலம் இது. தொலைக்காட்சி விவாதங்களில் பங்கேற்போர் எவரும் தாம் கொண்டுவந்த கருத்திலிருந்து ஓரடியும் நகர்வதில்லை. மறுப்பது மட்டுமே வாதம் ஆகிவிட்டது. ஆனால், மறுப்பை உண்மைக்கான வழியாகக் கண்ட மரபு ஒன்று நம்மிடம் உண்டு. அதன் தலைமை இடங்களுள் ஒன்று காஞ்சிபுரம்.

'மணிமேகலை' காப்பியத்தின் நாயகி காஞ்சிக்கு வருமுன் வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். கண்ணால் காண்பதையன்றி வேறெதையும் ஏற்பதில்லை என்கிறான் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகிறாள் மணிமேகலை. தன் கொள்கையை அவள் அவன்மீது சுமத்தவில்லை. அவன் கூற்றுக்குள்ளேயே இருந்த முரணைச் சுட்டினாள். கிரேக்கத்தில் சாக்ரடீஸ் கையாண்ட முறையும் ஏறத்தாழ இதுவே.

பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நெறியைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என அது விரிகிறது. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப்போல என்பது திட்டாந்தம். அத்துடன் வேலை முடிவதில்லை. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்று எதிர்மறையிலும் நிறுவியாக வேண்டும். தன் கருத்துக்கு ஆதரவான சான்றைத் தேடுவது எளிது. அக்கருத்தைப் பொய்யாக்கக்கூடிய இடத்திலும் சென்று பார்ப்பதே சோதனை. அறிவியலுக்கு இதுவே உரைகல் என்று 20-ஆம் நூற்றாண்டில் கார்ல் பாப்பர் வலியுறுத்தினார்.

அந்நூல் கூறும் ஏதுப்போலிகளுள் ஒன்று 'விருத்த வியபிசாரி'. செய்யப்படுவதால் ஒலி அழியக்கூடியது என்கிறது ஒரு வாதம். கேட்கப்படுவதால் ஒலி நிலையானது என்கிறது மற்றொன்று. இரண்டும் தத்தம் அளவில் ஒழுங்காகவே தோன்றுகின்றன. அத்தகைய இடத்தில் முடிவு கூறாமல் ஐயத்தை ஐயமாகவே ஏற்பதுதான் நேர்மை. உரக்கப் பேசுபவர் வென்றதாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

முரண் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனின் 'மத்தவிலாசம்' நகைச்சுவையாக உணர்த்துகிறது. தன் கபாலத்தைத் திருடியதாகப் பௌத்தத் துறவிமீது குற்றஞ்சாட்டுகிறான் காபாலிகன். சச்சரவு நீள்கிறது. அதைக் கவ்விச் சென்றதோ ஒரு நாய்! எதிராளியைக் குற்றவாளியாக்கும் முனைப்பில் காணாமற்போன பொருளைத் தேட மறந்த வாதம் அது. நம் விவாதங்கள் பலவும் அப்படித்தானே நடக்கின்றன?

காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பயின்ற இராமாநுசர் ஆசிரியரோடு கருத்து மாறுபட்டார் என்கிறது வைணவ மரபு. தம் ஸ்ரீபாஷ்யத்தில் அவர் எதிர்த்தரப்பின் வாதத்தை விரிவாக, முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கிறார். 'பூர்வபட்சம்' எனப்படும் இம்முறையில் மறுக்கப்படுபவருக்கும் மதிப்பு இருந்தது.

அவர் வழிவந்த வடகலை, தென்கலையாரிடையே வரதராசப் பெருமாள் கோயிலில் பாசுரம் ஓதும் உரிமை பற்றிய பிணக்கோ நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறி வருகிறது. உரிமை வழக்கில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும். உண்மைத் தேடலில் அப்படியில்லை; தவறான கருத்தைக் கைவிடுபவருக்கும் அறிவு மிஞ்சுகிறது.

கருத்தும் எதிர்க்கருத்தும் மோதி, இரண்டையும் கடந்த தெளிவு பிறக்கும் என்றார் ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெகல். அத்தெளிவு பிறக்க ஒரு நிபந்தனை உண்டு. எதிர்த்தரப்பு சொல்வதை, அவரே ஒப்புக்கொள்ளும்படி நம்மால் திரும்பச் சொல்ல முடியவேண்டும். வகுப்பறையிலும் சட்டப்பேரவையிலும் இல்லத்திலும் இந்தப் பழக்கம் வேரூன்றினால், மாறுபாடு நம்மைப் பிரிக்காது, திருத்தும்.