கைக்கு ஏற்ற கனம்

பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் பார்க்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அக்கா, ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகணும். எந்த ரிவால்வர் வாங்கலாம்?" நான் சனிக்கிழமை தவறாமல் போவது அவர்களுக்குத் தெரியும்.

கிரீன் கார்டு வந்த பிறகு நான் வாங்கிய முதல் ரிவால்வர் அரைக் கிலோகூட இல்லை. .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து கொள்ளும். கைப்பைக்குள் அடங்கும். என் கை சின்னது, துப்பாக்கியும் சின்னதாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் எடை குறையக் குறைய உதை முழுவதும் கையில்தான் இறங்கும். இரண்டே மாதத்தில் விசையை இழுக்கும்முன்பே என் மணிக்கட்டு பயந்து குனியத் தொடங்கியது.

அதைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர். நான் பார்க்காதபோது உருளைக்குள் நிஜத் தோட்டாக்களோடு சுட்டுமுடித்த வெறும் கூடுகளையும் கலந்து போட்டுக் கொடுத்தார். வெறும் கூட்டில் சுத்தியல் விழுந்தபோது சத்தமில்லை, உதையில்லை. ஆனாலும் குழல்முனை கீழே குத்திட்டது. அந்தப் பயத்தைப் போக்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

அதனால் நான் சொல்வது .22 லாங் ரைபிள் தோட்டா போடும் ரிவால்வர். குண்டின் எடை ஏறக்குறைய இரண்டரை கிராம்தான்; .38-இல் பத்து கிராம். உதை லேசு, தோட்டா விலை மலிவு, நிறையச் சுட்டுப் பழகலாம். என்னிடம் இப்போது இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617. ஆறு அங்குலக் குழல், பத்துத் தோட்டா, எடை ஒரு கிலோவுக்கு மேல். அந்தக் கனம்தான் கையை ஆடாமல் வைக்கிறது. குழல் நீண்டால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும். குறி பிசகினால் கண்ணுக்கு உடனே தெரியும்.

பெரிய தோட்டாதான் வேண்டும் என்பவர்களுக்கு ரூகர் ஜிபி100 போன்ற கனமான .357 மேக்னம். அதில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம், இரண்டுக்கும் விட்டம் ஒன்றே. மேக்னத்தின் கூடு மூன்று மில்லிமீட்டர் சொச்சம் கூடுதல் நீளம். பழைய .38 ரிவால்வருக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்றே 1930களில் அப்படி நீட்டினார்கள். .38-ஐயே தொடர்ந்து சுட்டால் உருளைத் துளைக்குள் வளையமாகக் கரி படியும். தேய்த்து எடுக்காவிட்டால் மேக்னம் உள்ளே போக முரண்டு பிடிக்கும்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே தீயும் சூடான வாயுவும் பக்கவாட்டில் பீறிடும். இடக்கை விரல் அங்கே போகவே கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் ரேஞ்சுக்குள் கால் வைக்காதீர்கள்.

கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்ப வேண்டும், 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. அதற்கு முன்னால் ரேஞ்சிலேயே வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்றைச் சுட்டுத் தீர்த்துப் பாருங்கள். கடைசிப் பத்துக்குப் புதுக் காகிதம் மாட்டுங்கள். அந்தப் பத்து ஓட்டையும் நெருங்கி விழுந்திருந்தால் அந்த ரிவால்வரை வாங்கலாம்.