பிளக் சொன்ன உண்மை

சென்ற கோடையில் மாமாவின் பழைய கார் கரும்புகை கக்கியது; பெட்ரோலையும் குடித்துத் தீர்த்தது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். மாமாவுக்கு அது பெருஞ்செலவு. நான் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னேன்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் பிளக் முனையில் உலர்ந்த கரி படியும். மிகுந்தால் முனை வெளுக்கும். வண்டி திணறும், கார்புரேட்டர் வழியே 'பட்' என்று வெடிக்கும். நான் அஞ்சுவது இதற்குத்தான்; வால்வே கருகிவிடக்கூடும். இளம்பழுப்பாயின் கலவை சரி.

எங்கள் பிளக்குகள் நான்கும் ஒன்றுபோல் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரை அல்லவா ஐயுற வேண்டும்? சோக் சரியாகவே திறந்திருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றினோம். புழுதி அப்பிக் கிடந்தது! புதியது மாட்டி, பிளக்குகளைத் துடைத்துப் பொருத்தினோம். புகை நின்றது.