செல்போனுக்குக் கடன் வாங்குமுன் பள்ளிக்கு மனு எழுதுங்கள்

ஆன்லைனில் பாடம் என்றதும், கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலிலும் மேலே கல்வராயன்மலை ஊர்களிலும் கூலி வேலைக்குப் போகும் பெற்றோர்கள் வட்டிக்கு வாங்கியோ தவணைக்கோ ஒரு செல்போன் எடுத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் ரீசார்ஜுக்குக் காசு இருப்பதில்லை. மலையில் பல இடங்களில் டவரும் எடுப்பதில்லை. ஆனால் பிள்ளை படிக்கும் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடந்தால், அதைத் திறக்கச் சொல்லி ஒருவரும் எழுதிக் கேட்பதில்லை.

கேட்க உரிமை இருக்கிறது. தமிழகத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் எனும் கம்ப்யூட்டர் அறை அமைக்க மக்கள் பணம்தான் செலவானது. இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. டிஜிட்டல் வசதி வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

முதல் படி பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். லேப் பழுதென்றால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மலை ஊராட்சிகள் கிராம சபையிலும் தீர்மானம் போடலாம். வடக்கனந்தல் பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. குழுவை விட்டால் அடுத்தது மனுதான்.

மனு யாருக்கு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பள்ளிக் கல்வித் துறைப் பள்ளி என்றால் கள்ளக்குறிச்சி முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத வேண்டும். மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கு. மாற்றிக் கொடுத்தால் "எங்கள் துறை இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். சரியான இடத்துக்கு அனுப்பி வைக்க அந்த அதிகாரிக்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். அதைச் செய்ய மனம் வருவதில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றின் நகலை வைத்தால் அதுவும் வேண்டாம். "ஏன் திறக்கவில்லை" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். நகல் கேளுங்கள்: கம்ப்யூட்டர்களின் இருப்புப் பதிவேடு, லேப் கால அட்டவணை, கடந்த ஆண்டின் இணையக் கட்டண ரசீதுகள். 30 நாளில் தகவல் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. தகவல் கேட்கும் மனு வேறு அலுவலகத்துக்குரியது என்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்பியாக வேண்டும். திருப்பித் தரச் சட்டத்தில் இடமில்லை. இங்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

லேப் பூட்டிக் கிடந்தால் விண்ணப்பிக்க நெட் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே ஓர் ஆபத்து உண்டு. உதவித்தொகைக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கும்போது கடைக்காரரின் செல்போன் எண்ணையே போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஓடிபியும் கலந்தாய்வுத் தகவலும் அவருக்குப் போகும். பிள்ளைக்குத் தெரியும்போது கடைசி நாள் கடந்திருக்கும். உங்கள் வீட்டு எண்ணைக் கொடுங்கள். பள்ளியின் எமிஸ் (EMIS) மாணவர் பதிவிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலைவாழ் பெற்றோர்களுக்கு ஒன்று: இந்த விண்ணப்பங்களுக்குக் கேட்கும் பழங்குடியினர் சாதிச் சான்றைத் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும். பிளஸ் 2 ரிசல்ட் வரும்வரை காத்திராமல் பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.