பைத்தான் ஏன் 19 மாட்யூல்களைத் தூக்கிப் போட்டது?

போன செமஸ்டர்ல எங்க டீம் கைக்கு ஒரு பழைய ப்ராஜெக்ட் வந்தது. லேப் சாமான் யார்கிட்ட இருக்குன்னு குறிச்சு வைக்கிற சின்ன வெப் ஆப். எந்த பேட்ச் சீனியர் எழுதினதுன்னுகூடத் தெரியாது. லேப் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிச்சு. என் லேப்டாப்ல, பைத்தான் 3.13-ல, 'சிஜிஐன்னு ஒரு மாட்யூலே இல்ல'ன்னு எரர். பைத்தானோடயே வர்ற மாட்யூல் எப்படி இல்லாம போகும்? இன்ஸ்டாலேஷன்தான் கோளாறுன்னு நினைச்சு ரெண்டு தடவை அழிச்சுப் போட்டேன்.

கோளாறு எதுவும் இல்லை. வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் இப்படி 19 மாட்யூல்கள் போய்விட்டன. அந்தத் திட்டத்துக்குப் பெயர் பெப் 594. கிறிஸ்டியன் ஹைம்ஸ் 2019-ல் முன்வைத்தது. 'பேட்டரியோடு வரும் மொழி' என்பது பைத்தானின் பழைய பெருமை. தேவையான எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆனால் 1991-ல் வெளிவந்த மொழி அது. பெட்டிக்குள் சில பேட்டரிகள் செத்துப் போயிருந்தன.

யாரும் தொடாத கோடு சும்மாதானே கிடக்கு, அதுல என்ன செலவுன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். என்என்டிபிலிப் என்ற மாட்யூலைப் பாருங்கள். யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களில் இருந்து செய்திகளை இறக்குவது அதன் வேலை. அதன் டெஸ்ட்கள் வெளியே உள்ள யூஸ்நெட் சர்வர்களோடு பேசும். அந்த சர்வர் தூங்கினால் டெஸ்ட் ஃபெயில். வேறு எங்கேயோ ஒரு மாற்றம் செய்தவர், 'நான்தான் எதையோ உடைச்சுட்டேனோ'ன்னு உட்கார்ந்து தேட வேண்டும். யூஸ்நெட்டை அவர் வாழ்நாளில் திறந்தே இருக்க மாட்டார்! இதோடு ஒவ்வொரு ரிலீஸிலும் டாக்குமென்டேஷன், பக் ரிப்போர்ட், செக்யூரிட்டி புகார். இதையெல்லாம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் வாலண்டியர்கள்.

சிஜிஐ கதை வேறு. அது ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக ஒரு ப்ராசஸ் தொடங்கும் முறை, மெதுவானது. பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

எனக்குப் பிடித்த விஷயம், பழசு என்பதற்காக மட்டும் எதையும் வெட்டவில்லை. வேவ் மாட்யூலும் பழசுதான். ஆனால் பராமரிக்க எளிது, அந்த ஃபைல் வகை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் சத்தம் எழுப்பிக் காட்டக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் பயன்படுகிறது. அதனால் தப்பித்தது.

திடீர்னு தூக்கினாங்களான்னா, அதுவும் இல்லை. 2022 அக்டோபரில் வந்த 3.11-லேயே 'இது 3.13-ல் நீக்கப்படும்' என்று வார்னிங் வரத் தொடங்கிவிட்டது. லேப் கம்ப்யூட்டரில் இருந்ததும் 3.11தான். சர்வரோட எரர் லாகைத் திறந்து பார்த்தா, அதே வரி பக்கம் பக்கமா இருக்கு. ஒருத்தரும் திறந்ததே இல்லை.

ஆனா ஒண்ணு. அவங்க தோளில் இருந்த சுமை காற்றில் கரைந்துவிடவில்லை. அதில் ஒரு பங்கு எங்க தோளுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு மூணு வழி இருந்தது. 3.12-லேயே இருந்துவிடலாம், 2028 அக்டோபர் வரை அதற்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் உண்டு. இல்லையென்றால் பிப் மூலம் லெகசி-சிஜிஐ போடலாம், அதே பழைய மாட்யூலை வெளியே தனியாக வைத்திருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் மாற்றி எழுதலாம். நாங்க ஃபிளாஸ்க்ல மாற்றினோம். அந்த ஆப் சிஜிஐயிடம் கேட்டது ஃபார்ம்ல இருந்து நாலு ஃபீல்ட் படிச்சுத் தர மட்டும்தான். ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுது.

உங்க கைலயும் சீனியர் ப்ராஜெக்ட் இருந்தா, டெர்மினல்ல பைத்தான்னு அடிச்சு, ஒரு ஹைஃபன், கேப்பிடல் டபிள்யூ, அப்புறம் டிஃபால்ட்னு சேர்த்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. மறைஞ்சு கிடக்கிற வார்னிங் எல்லாம் வெளியே வந்துடும்.